ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு மொரோ

மேசைமேல் அட்டையை வைத்து, ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினாள் எச்.ஆர். மேடம். எடுத்துக் கையில் கொடுக்கக்கூட மனசில்லை. லேமினேட் செய்த சூடு இன்னும் ஆறவில்லை, பிளாஸ்டிக் வாடை அடித்தது. என் போட்டோ, என் ஊழியர் எண், அதற்குக் கீழே என் பெயர்: மார்த்தா எம்.

"மீதி எங்கே?" என்று கேட்டேன்.

"என்ன மீதி?"

"என் பெயரில் மீதி. மொரோ."

கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். பேசியதெல்லாம் இங்கிலீஷ். தமிழில் எழுதும்போது கொஞ்சம் மரியாதையாகத் தெரிகிறது; அன்றைக்கு அவ்வளவு மரியாதை இல்லை. குழந்தைகள் வார்டுக்கு பிரான்ஸிலிருந்து புது டாக்டர் வந்திருக்கிறார், அவர் பெயரும் மொரோ. பிரெஞ்சுக் குடும்பங்கள் போன் செய்து மொரோவைக் கேட்டால் ஆபரேட்டர் எனக்கு இணைத்துவிடுகிறார். ஒரு தாய் நேரிலேயே வந்து, மொரோ என்ற அட்டையோடு நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, வரவேற்பில் போய்ப் புகார் சொல்லியிருக்கிறாள், ஆஸ்பத்திரி ஏமாற்றுகிறது என்று.

"அதனால் உங்களுக்குச் சுலபமாகப் போட்டிருக்கிறோம். மற்ற இந்திய நர்ஸ்களுக்கும் அப்படித்தானே? பெயர், ஒரு இனிஷியல். முடிந்தது."

"நான் வந்து நாலு வருஷம். அந்தம்மா வந்து நாலு வாரம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அவருடையதை மாற்றுங்கள்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். "அவர் பிரெஞ்சுக்காரர், மார்த்தா. அது அவருடைய பெயர்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. அபுதாபியில் அந்த அறையில் ஏசி உறைய வைக்கும். எனக்கு மட்டும் வியர்த்தது. இரண்டாயிரத்துக்குப் பின்னால் முதல் ஏழெட்டு வருஷத்துக்குள் நடந்த கதை இது. இத்தனை காலம் கழித்து எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை. "பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கிட்டு எழுதும்மா" என்கிறான் என் மகன். போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மேரியில் வைத்த கைநாட்டு

அந்தப் பெயர் எங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால், என் கோபம் உங்களுக்குத் திமிராகத்தான் தெரியும்.

என் பப்பாவின் தாத்தா பெயர் சவரிமுத்து. புதுச்சேரியில் புஷ்புஷ் வண்டி தள்ளியவர். துரை உள்ளே உட்கார்ந்துகொள்வார், பின்னால் இருந்து ஆள் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். அதுதான் வண்டி, அதுதான் வேலை. அவர் தெருவைச் சொன்னால் சாதி தெரியும், சாதி தெரிந்தால் டீத்தண்ணிகூடத் தூக்கித்தான் ஊற்றுவார்கள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகும் கோயிலுக்குள்ளேயே அவருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். சாமிக்கு முன்னால் மண்டியிட்டாலும் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் மண்டியிட வேண்டும்.

பிரெஞ்சுக்காரன் ஒரு சட்டம் கொண்டுவந்தான். சாதி வழக்கம், குல வழக்கம் எல்லாவற்றையும் விட்டேன், பிரான்ஸ் நாட்டுச் சட்டம்தான் இனி எனக்கும் என் வம்சத்துக்கும் சட்டம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். எழுதிக் கொடுத்தவன் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். இப்படி விட்டவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர், துறந்தவர் என்று அர்த்தம். பெரிய வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்குத் துறக்க என்ன அவசியம்? எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

நகராட்சி ஆபீஸை எங்கள் ஊரில் மேரி என்போம். சவரிமுத்து மேரிக்குப் போய், கைநாட்டு வைத்து, மொரோ ஆகி வெளியே வந்தார்.

ஏன் மொரோ என்பதற்கு வீட்டில் மூன்று கதை உண்டு. வண்டியில் ஏறிய துரையின் பெயர் என்பார் பெரியப்பா. ஒரு சாராயக்கடைப் போர்டில் பார்த்தது என்பாள் அத்தை. அவளுக்குப் பெரியப்பாவைப் பிடிக்காது. பப்பா சொன்னதுதான் மூன்றாவது. என்ன பெயர் வேண்டும் என்று குமாஸ்தா கேட்டாராம். இவருக்கு ஒன்றும் தோன்றவில்லை, நீங்களே போடுங்கள் ஐயா என்றாராம். குமாஸ்தா இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சொல்லி இருவரும் சிரித்துவிட்டு எழுதினார்களாம். எதற்குச் சிரித்தார்கள் என்று பப்பாவுக்கும் தெரியாது.

சிரித்தால் என்ன, பெயர் வந்துவிட்டது. ஊர் இந்தியாவுக்குக் கைமாறியபோது, பிரான்ஸ் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். என் தாத்தாவின் தம்பி எழுதிக் கொடுத்துவிட்டு பாரிஸ் பக்கம் போனார். என் தாத்தா, ஒரு தடவை எழுதிக் கொடுத்தது போதாதா என்று சும்மா இருந்துவிட்டார். அதனால் எங்களுக்குப் பெயர் பிரெஞ்சு, பாஸ்போர்ட் இந்தியா.

பப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். மற்றதில் எல்லாம் சாது. பெயரில் கை வைத்தால் மட்டும் வேறு மனுஷர். ரேஷன் கார்டில் 'மாரோ' என்று போட்டதற்கு ஆபீஸ் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. "எங்க தாத்தா ஒண்ணை விட்டுட்டுத்தான்யா இதை வாங்கினாரு. நீ பாட்டுக்கு எழுதுவியா?" என்று கேட்டார். அதே நாளில் கார்டைத் திருத்திக் கொடுத்தார்கள்.

எந்தத் தெரு?

வளைகுடாவுக்குப் போனால் சாதியெல்லாம் கிடையாது, அங்கே எல்லாரும் இந்தியாக்காரர்தான் என்று சொல்வார்கள். நானும் நம்பித்தான் விமானம் ஏறினேன். எங்கள் ஆஸ்பத்திரி கணக்குப் பிரிவில் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். சேர்ந்த மூன்றாம் நாளே கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டருக்கு எந்த ஊரு?"

"பாண்டிச்சேரி."

"பாண்டியில எங்க? அங்க நமக்கு ஆளுங்க நிறைய. எந்தத் தெரு?"

"தெருப் பேரைச் சொன்னா வந்து கோலம் போட்டுட்டுப் போவீங்களா?"

அவர் அசரவில்லை. "இல்ல, அப்பா பேரு என்னன்னு சொன்னா..."

"மொரோ," என்றேன்.

அவ்வளவுதான். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அவரால் ஒரு அடி மேலே போக முடியவில்லை. சாம்பாரைப் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். சவரிமுத்து கைநாட்டு வைத்தது இதற்காகத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இன்றைக்கும் அதைப் போல ருசித்த சாப்பாடு இல்லை.

எம் என்று வெட்டிவிட்டால்? புது அட்டையோடு கேன்டீனுக்குப் போன முதல் நாளே அந்த மனிதர் என் கழுத்தைக் குனிந்து பார்த்தார். "எம்முன்னா என்ன சிஸ்டர்? முத்தையாவா, முனியனா?" என்று கேட்டார். வாயில் சிரிப்பு வேறு.

அறைத் தோழி ஜெனோவாவிடம் வந்து கொட்டினேன். அவளுக்கு மணப்பாடு, கடல்காரக் குடும்பம், ஆபரேஷன் தியேட்டரில் வேலை. மீனை அரிந்துகொண்டே கேட்டாள்.

"நீ ஏம்ட்டி வெள்ளைக்காரி மவ மாதிரி இந்தக் குதி குதிக்க?"

"உன் பேருல கை வச்சா நீ சும்மா இருப்பியா?"

"எங்க ஊருல வீட்டுக்கு வீடு பெர்னாண்டோதான். போர்த்துகீசுக்காரன் இப்பம் வந்து, எம் பேரைத் திருப்பித் தாங்கன்னா குடுத்துருவோமாக்கும்? போலே, கடல்ல போயி தேடுன்னு சொல்லிருவோம்." கத்தியைக் கீழே வைத்தாள். "நீ பழைய அட்டையையே மாட்டு. என்னதான் பண்ணுதாவன்னு பாப்போம்."

பழைய அட்டையைத்தான் மாட்டினேன். சார்ட்டில் கையெழுத்தும் மொரோ என்றே போட்டேன். சொன்னதைக் கேட்காத கழுதை என்று எச்.ஆர். மேடம் என்னை நினைத்திருப்பாள். நினைக்கட்டும் என்று இருந்தேன்.

வரைபடத்தில் இல்லாத வீடு

டாக்டர் மொரோ கெட்ட மனுஷி என்று சொன்னால் என் வேலை சுலபமாக முடியும். அப்படியும் சொல்ல முடியவில்லை. ஐம்பது வயசு இருக்கும், வெட்டிய தலைமுடி, குழந்தைகளிடம் நல்ல கை. முதல் வாரத்திலேயே என் அட்டையைப் பார்த்துவிட்டு "கசினா?" என்று கேட்டுச் சிரித்தவர்.

ஒரு நாள் டீ நேரத்தில் டூட்டி ரூமில் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். குடும்பப் பெயரை அடித்தால், அந்தப் பெயர்க்காரர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று வரைபடம் காட்டும் தளம். பிரான்ஸ் வந்தது. மேற்குப் பக்கமும் நடுப்பகுதியும் கருநீலம், தெற்கே போகப் போக வெளுத்திருந்தது.

"பார், நாங்கள் எவ்வளவு பேர். பிரான்ஸில் ஒரு கல்லை எறிந்தால் ஒரு மொரோ மேல் விழும். என் அப்பாவின் கிராமத்தில் கல்லறைத் தோட்டம் முழுக்க நாங்கள்தான்."

"இந்தியாவைக் காட்டுங்கள்," என்றேன்.

உலகப் படத்தை வரவழைத்தார். கனடாவில் கொஞ்சம் நீலம். பிரெஞ்சுக்காரன் போன தீவுகளில் புள்ளி புள்ளியாக. இந்தியா வெள்ளையாகக் கிடந்தது.

"எங்கள் வீட்டில் மட்டும் பதினோரு பேர் இருக்கிறோம், டாக்டர். பெரியப்பா வீட்டில் ஏழு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நின்றால் ஒரு பெஞ்சு நாங்கள்தான். அந்தக் காலத்தில் வியட்நாம் சைகோனுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள் வேறு."

"இது டெலிபோன் டைரக்டரியை வைத்துச் செய்தது. உங்கள் ஊர் டைரக்டரி அவர்களிடம் இருந்திருக்காது," என்றார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வெள்ளைப் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைநாட்டு வாங்கும்போது நாங்கள் கணக்கில் இருந்தோம், படம் போடும்போது மட்டும் இல்லையா?

அவர் டீயை உறிஞ்சிவிட்டு அடுத்ததைச் சொன்னார். "பெயருக்கு அர்த்தம் தெரியுமா? பழைய காலத்துப் பட்டப்பெயர். கறுப்பாக இருப்பவனை அப்படிக் கூப்பிடுவார்கள். மூர் இனத்தான் மாதிரிக் கறுத்தவன் என்று." என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு இருப்பதைவிட உனக்குத்தான் பொருத்தமாக இருக்கிறது, இல்லையா?"

கிண்டல்தான், வேறு எண்ணமில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது என் காதுக்குள் மேரி குமாஸ்தா சிரித்தான். கைகட்டி நின்ற கறுப்பு மனிதரைப் பார்த்து 'கறுப்பன்' என்றே எழுதிவிட்டு, பக்கத்து மேசைக்காரனோடு சேர்ந்து சிரித்திருக்கிறான். அந்த மனிதர் எழுத்து தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். நாலு தலைமுறையாக நாங்கள் அதைக் கல்யாணப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

"பொருத்தம் எனக்குத்தான் என்றால் எச்.ஆரில் போய்ச் சொல்லுங்கள் டாக்டர். அட்டையை எனக்குக் கொடுத்துவிடுவார்கள்," என்றேன்.

அவருக்கு அட்டை விஷயம் தெரியாது போல. "என்ன அட்டை?" என்றார். பெல் அடித்தது, ஓடிவிட்டேன்.

போனில் சொன்ன மருந்து

இனி எழுதப்போவதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

டாக்டர் வார்டில் இல்லாதபோது போனிலேயே மருந்து சொல்வதுண்டு. அதற்கு எங்கள் வார்டில் ஒரு முறை இருந்தது. இரண்டு நர்ஸ் கேட்க வேண்டும். ஒருத்தி போனில், இன்னொருத்தி பக்கத்து இணைப்பில். ஷீட்டில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் சொன்ன டாக்டரின் குடும்பப் பெயரை நர்ஸே எழுதுவாள், டாக்டர் பிறகு வந்து அதன்மேல் கையெழுத்துப் போடுவார். இரண்டாம் கட்டத்தில் மருந்து கொடுக்கிற நர்ஸ் தன் பெயரை எழுதுவாள். மூன்றாவது, கூடக் கேட்ட நர்ஸுக்கு. மூன்றாவது கட்டத்தை யாரும் உடனே நிரப்புவதில்லை. டூட்டி முடியும்போது எல்லா ஷீட்டையும் வைத்துக்கொண்டு, டீ குடித்தபடியே மொத்தமாகப் போட்டுத் தள்ளுவோம். எல்லாரும் அப்படித்தான்.

அன்றைக்குக் காலையில் எச்.ஆரிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது, பழைய அட்டையை உடனே ஒப்படைக்கச் சொல்லி. அங்கே போய் வாய்ச்சண்டை போட்டுவிட்டு வார்டுக்கு வந்தேன். ஒரு எகிப்துக்காரரின் மகள், நாலு வயசு, காதில் சீழோடு காய்ச்சல். சார்ட்டின் மேல் சிவப்பு ஸ்டிக்கர்: பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது.

பதினொரு மணி வாக்கில் டாக்டர் மொரோ போனில் வந்தார். பெனிசிலின் வகை ஊசி ஒன்றைச் சொன்னார். பக்கத்து இணைப்பில் எங்கள் இன்சார்ஜ் ஏலியம்மா சேச்சி.

"டாக்டர், சிவப்பு ஸ்டிக்கர் இருக்கிறது," என்றேன்.

"தெரியும். அம்மாவிடம் பேசிவிட்டேன். முன்பு வயிறு கலக்கியிருக்கிறது, அவ்வளவுதான், அது அலர்ஜி இல்லை. கொடு. அரைமணியில் வந்து கையெழுத்துப் போடுகிறேன்."

மறுத்திருக்க வேண்டும். நீங்கள் வந்து பார்த்த பிறகு கொடுக்கிறேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. நாலு வருஷத்தில் பல டாக்டர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு வாயெல்லாம் காலைச் சண்டையிலேயே தீர்ந்துவிட்டது. காலையில் ஒரு சண்டை, மத்தியானம் ஒரு சண்டை என்றால் மார்த்தாவே ஒரு சண்டைக்காரி என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயந்தேன். முதல் கட்டத்தில் மொரோ என்று எழுதினேன். இரண்டாம் கட்டத்தில், எம் போட மாட்டேன் என்ற வீம்பில், அழுத்தி மொரோ என்று எழுதினேன். ஊசியைக் கொடுத்தேன்.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. குழந்தையின் கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உதடு வீங்கியது. "மாமா, மாமா" என்று அவள் அம்மாவைக் கூப்பிட்ட குரல் கரகரத்துக்கொண்டே போனது. வேறு வார்டு டாக்டர் ஓடிவந்தார், மாற்று ஊசி போட்டோம், ஆக்ஸிஜன் வைத்தோம். என் கையை அந்தக் குழந்தை விடவே இல்லை. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து ஜூஸ் கேட்டாள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மூன்று கட்டம்

மறுநாள் விசாரணை. எச்.ஆர். மேடம், மெடிக்கல் டைரக்டர், டாக்டர் மொரோ, ஏலியம்மா சேச்சி, நான். மேசை நடுவில் அந்த ஷீட்.

டைரக்டர் கேட்டார். "டாக்டர், இந்த மருந்தை நீங்கள் சொன்னீர்களா?"

டாக்டர் மொரோ ஷீட்டைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "வந்து பார்க்கிறேன் என்று சொன்னேன். இந்த மருந்தைக் கொடுக்கச் சொன்னதாக நினைவில்லை. இது என் கையெழுத்தும் இல்லை."

"கையெழுத்து எப்படி இருக்கும்? போனில் சொன்னீர்கள், நான் எழுதினேன்," என்றேன்.

எச்.ஆர். மேடம் ஷீட்டைத் தூக்கிப் பிடித்தாள். "இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர். ஒரே கையெழுத்து. இந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உங்களுக்கு எழுத்திலேயே சொன்னோம். இப்போது மருந்து எழுதியது டாக்டரா நர்ஸா என்று எப்படித் தெரியும்? டாக்டர் சொல்லாமல் நீங்களே கொடுத்தீர்கள் என்றுதான் இதைப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள்."

"மூன்றாவது ஆள் கேட்டார். சேச்சியைக் கேளுங்கள்."

எல்லாரும் சேச்சியைப் பார்த்தார்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. சேச்சி பதினெட்டு வருஷ சர்வீஸ், அடுத்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும், வேலையில்லாத புருஷனும் மகளும் அவர் விசாவில்தான் இருந்தார்கள். விரல்களைக் கோத்துக்கொண்டு சொன்னார்: "போனை எடுத்தேன். அதே நேரம் ஆறாம் நம்பர் பெட் பெல் அடித்தது. சரியாகக் கேட்கவில்லை."

எந்தப் பெல்லும் அடிக்கவில்லை.

விசாரணை முடிந்ததும் பேன்ட்ரியில் சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மோளே, என்னைச் சபிக்காதே. எனக்கு வேற வழி இல்லா." கையை உதறினேன். "சபிக்க மாட்டேன் சேச்சி. உங்களைப் பார்க்கவே மாட்டேன்," என்றேன். சொன்னபடி வெகுநாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இன்றைக்கு அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. டாக்டர் மேல் இருக்கிறது. அவர் பொய் சொன்னால் இழக்கப்போவது ஒன்றுமில்லை, உண்மை சொன்னாலும் ஒரு எச்சரிக்கைக் கடிதம்தான் வந்திருக்கும். அதற்காகவா?

சாயங்காலம் எச்.ஆர். மேடம் ஒரு தாளை நீட்டினாள். இருவர் பெயரும் ஒன்றாக இருந்ததால் வந்த பதிவுக் குழப்பம். ஊழியர் தன் கவனக்குறைவை ஒப்புக்கொள்கிறார். இனி எல்லா ஆவணங்களிலும் மார்த்தா எம் என்றே அழைக்கப்படச் சம்மதிக்கிறார். இதில் கையெழுத்துப் போட்டால் விஷயம் இதோடு முடிந்தது. போடாவிட்டால் லைசென்ஸ் ஆபீஸுக்குப் புகார் போகும், டாக்டர் உத்தரவில்லாமல் மருந்து கொடுத்தவள் என்று. அப்படி ஒரு புகார் போய்விட்டால் வளைகுடாவில் எந்த ஆஸ்பத்திரியும் சேர்க்காது. ஊரில் கேட்டாலும் ஏன் திரும்பி வந்தாய் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. ஒரு ராத்திரி யோசிக்க நேரம் கொடுத்தாள்.

ஜெனோவா அன்றைக்கு மீன் அரியவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போட்டுருட்டி. உனக்கு நர்ஸ் வேலையை விட்டா வேற என்ன தெரியும்? பேரு பாஸ்போர்ட்ல இருக்குல்லா?"

பாஸ்போர்ட்டில் இருந்தது. பாஸ்போர்ட் எச்.ஆர். மேடத்தின் பீரோவில் இருந்தது.

காலையில் போய்ப் போட்டேன். எழுத்து தெரியாத ஒரு மனிதர் கைநாட்டு வைத்து வாங்கியதை, கான்வென்ட்டில் படித்த நான் முத்து முத்தான கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பழைய அட்டையைக் கழற்றி வைத்தேன். எச்.ஆர். மேடம் அதை என் கண் முன்னாலேயே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் கூடையில் போட்டாள். அதுதான் அலுவலக முறையாம்.

எட்டு மாதத்தில் டாக்டர் மொரோ வேலையை விட்டு பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டார். போகும் நாளில் வார்டுக்கு வந்து எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். "சுகர், டாக்டர்," என்றேன். எனக்கு அப்போது சுகர் இல்லை. அடுத்த வாரம் எச்.ஆருக்குப் போய், இப்போது குழப்பம் இல்லையே, என் பெயரைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். சிஸ்டத்தில் மாற்ற முடியாது என்றாள்.

பப்பாவின் கடிதம்

இதில் ஒரு வரிகூட நான் வீட்டுக்குச் சொல்லவில்லை. போனில் பேசினாலும், பப்பா எனக்கு மாதம் ஒரு கடிதம் எழுதாமல் இருக்க மாட்டார். நீல மை, கோடு போட்ட தாள். அபுதாபியில் தபால்காரன் வீடு தேடி வர மாட்டான். எல்லாருக்கும் வேலை செய்யும் இடத்தின் தபால் பெட்டி எண்தான் விலாசம். ஆஸ்பத்திரியில் தபால் பிரிக்கும் ஆள் பெயர்ப் பட்டியலைப் பார்த்து வார்டு வார்டாக அனுப்புவார். நான் எம் ஆன பிறகும் பப்பாவின் கடிதம் எப்படியோ வந்துகொண்டுதான் இருந்தது. டாக்டர் மொரோவின் தபால் தட்டில் விழுந்து, அவர் நர்ஸ் வழியாக என்னிடம் வந்தது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

டாக்டர் போய் ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பப்பாவே போன் செய்தார். அவராகச் செய்வதே கிடையாது.

"மார்த்தா, நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன் பப்பா. என்ன ஆச்சு? அம்மாவுக்கு ஏதாச்சும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் எழுதின லெட்டர் திரும்பி வந்துருச்சு. மேல இங்கிலீஷ்ல சீல் அடிச்சு, சிவப்பு மையில எழுதியிருக்கு. ஃபாதர்கிட்ட காட்டுனேன். இந்தப் பேர்ல இங்க ஆள் யாரும் இல்லன்னு எழுதியிருக்காம். வந்து மூணு நாள் ஆகுதும்மா. அம்மாகிட்ட சொல்லல. உனக்கு என்னமோ ஆயிப்போச்சு, மறைக்கிறாங்கன்னு நினைச்சேன். போன் பண்ணவே பயமா இருந்துச்சு."

தபால்காரர்கள் தப்பு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மூன்று நாள் அந்தக் கவரைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்த மனுஷரிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, குழந்தை, ஷீட், நான் போட்ட கையெழுத்து. கத்துவார் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். ரேஷன் ஆபீஸில் தெருவைக் கூட்டியவர் ஆயிற்றே.

கத்தவில்லை.

"அந்தப் பிள்ளை நல்லாயிடுச்சில்ல?"

"நல்லாயிட்டா பப்பா."

"அப்பச் சரி. உனக்கு வேலை முக்கியம். நான் இந்த லெட்டரையே வேற கவர்ல போட்டு அனுப்புறேன். மேல என்ன பேர் எழுதணும், சொல்லு. பேனா கையில வச்சிருக்கேன்."

"மார்த்தா."

"ம்."

"எம்."

"ம். அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல, பப்பா."